நாலேழு வண்டி

புது ஸ்கூட்டர் என்ன நிறம் என்று முடிவாவதற்கு முன்பே, அதன் நம்பரை ரெமிஜியஸ் முடிவு செய்துவிட்டார். 7777. வலங்கைமான் கடைத்தெருவில் தான் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐம்பத்தாறு வயதுவரை ஒருவரும் பார்த்ததில்லை என்பது அவருடைய மனக்குறை.

ஃபேன்சி நம்பருக்கு அருள்ஜோதி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தார். மூன்று நாள் யோசித்து, ஏழு காரணங்களோடு மனைவி எதிரே போய் உட்கார்ந்தார். முதல் காரணத்தில் பாதிதான் சொல்லியிருப்பார்.

"வாங்கிக்குங்களேன்" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

மீதி ஆறரைக் காரணமும் வீண்.

ரெமிஜியஸுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. வீட்டில் காப்பிகூட வெறும் கசப்புதான். ஆனால் வேலை முடிந்து வரும்போது, குடமுருட்டிப் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் சுடச்சுட ஒரு பிளேட் அசோகா அல்வா. அந்த ஒரு பிளேட்டுக்காகத்தான் மனிதர் உயிர் வாழ்ந்தார். அருள்ஜோதிக்கு இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

புது வண்டி வந்த மறுநாள், வீட்டுக்குள் நுழைந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அசோகா நல்லா இருந்துச்சா?"

"எந்த அசோகா?"

"பாலத்துக் கடை அசோகா. எதுத்தாப்புல தைக்கிற ஹமீதா பானு அக்கா போன் பண்ணாங்க. நாலேழு நிக்குதாம்."

"வண்டி நின்னா தின்னேன்னு அர்த்தமா? காத்து வாங்க நின்னேன், ஜோதி."

"காத்து மீசையில ஒட்டியிருக்கு பாருங்க."

அடுத்த நாள் வண்டியைப் போஸ்டாபீஸில் விட்டுவிட்டு நடந்தே கடைக்குப் போனார்.

"பூக்கார ரெங்கம்மா சொல்லுச்சு" என்றாள். "நாலேழு போஸ்டாபீஸ்ல, நீங்க அசோகாவுல."

மூன்றாம் நாள், நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நெல்லுக்கே அங்கே ஆள் வருவதில்லை. இவர் வண்டிக்கு மட்டும் வந்துவிட்டார்கள்.

"மூட்டைக்கு நடுவுல நாலேழு நிக்குதே, சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு விசாரிக்கிறாங்க. சரி, ஆசை ஆசையா நம்பர் பிளேட்டு வாங்கினீங்களே, இன்னிக்கு அசோகா எத்தனை பிளேட்டு?"

"ரெண்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் பாலத்தில் வண்டியை நிறுத்தவே இல்லை. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நிற்கிறாரா, போகிறாரா என்று.

வீட்டுக்கு வந்து கசப்புக் காப்பியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏன் ஜோதி, நம்பர் கேட்டப்ப நீ ஒரு வார்த்தை தடை சொல்லலையே?"

"பழைய வண்டி நம்பர் என்னங்க?"

யோசித்தார். பதினோரு வருடம் ஓட்டிய வண்டி. ஐந்தில் ஆரம்பிக்குமோ? நடுவில் ஒரு மூன்று வருமோ? காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

"உங்களுக்கே ஞாபகம் வராத நம்பரை வச்சுக்கிட்டு, இந்த ரெண்டு வருஷமா நான் ஊர்ல யார்கிட்டங்க, எந்த வண்டியைப் பாத்துக்கச் சொல்லி வைக்கிறது?"