வெரசாவின் சிவப்பு டிராகன் பழம்

உலகத்திலேயே அவசரமான மனிதர் எங்கள் ஊர் சிலமலையில்தான் இருந்தார். மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு அவருடையது. சட்டைக்கு இரண்டு பொத்தான்தான் போடுவார். மற்றதற்கு நேரம் கிடையாது. "வெரசா ஏறுங்க, வெரசா" என்று கத்திக் கத்தியே 'வெரசா' என்று பேராகிவிட்டது. ஒருமுறை பிந்தி வந்த சொந்தப் பெண்டாட்டியையே விட்டுவிட்டு மலை ஏறியவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால் கல்தூண் நட்டு டிராகன் பழக் கள்ளி வளர்த்தார். வெள்ளைச் சதை ரகம் வைத்திருந்தால் தானாகவே காய்த்திருக்கும். அவர் வைத்தது உள்ளேயும் சிவப்பான ரகம். வேறு ரகத்தின் மகரந்தம் பட்டால்தான் காய் பிடிக்கும். அதுவும் இரவில் விரிந்த பூ கூம்புமுன், வெயில் ஏறுவதற்குள் பட வேண்டும். இரண்டு வருஷமாகப் பூவெல்லாம் உதிர்ந்துபோனதில், தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தே மண்ணில் தடம் போட்டிருந்தார்.

ஒருநாள் விடிகாலை, பதினாறு பேரோடு போடிப் பக்கம் போக வேண்டிய ஜீப்பு ராசிங்காபுரத்துக்குத் திரும்பியது.

"ஏண்ணே, தோட்டம் அந்தப் பக்கமுல்ல இருக்கு?" என்றாள் பின்சீட்டு முத்துப்பேச்சி.

"ஒத்தப் பூ பூத்திருக்கு ஆத்தா. இங்க ஒருத்தரு வெள்ளை ரகம் வச்சிருக்காரு. மகரந்தம் வாங்கிட்டு வெரசா போயிருவோம்."

"பொண்ணு பாக்கப் போறவுககூடச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாக."

தூக்குவாளி மூடியில் மஞ்சளாக மகரந்தப் பொடி வந்தது. முன்சீட்டில் இருந்த என் மடியில் வைத்தார். "மூச்சு விடாத மாப்ளே."

நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அன்று மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டேன்.

வெரசா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வெயில் தூணைத் தொட்டிருந்தது. பூ கூம்பத் தொடங்கியிருந்தது. கோழி இறகை எடுத்தார். அவசரத்தில் அதை உதறிவிட்டார். பொடியில் பாதி அவர் சட்டைக்குப் போனது.

"நீ வையி மாப்ளே. ஏலக்கா கிள்ளுற கை, பதமா இருக்கும்."

பதினாறு பேர் பார்க்க, கூச்சத்தில் காது சுடச் சுட நான் பூவில் பொடியை வைத்தேன்.

பிந்திப் போனதற்குத் தோட்டத்து மேஸ்திரி கொடுத்த திட்டையெல்லாம் எல்லோரும் சாயங்காலம் வெரசாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் காதில் விழவில்லை. காய் பிடித்துவிட்டது. தினமும் வண்டியில் அதே பேச்சு: "நேத்து எலுமிச்ச அளவு. இன்னிக்கி அதவிடப் பெருசு."

ஒரு மாதம் கழித்து, ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியதில் நான் பிந்திவிட்டேன். ஜீப்பு போயிருக்கும் என்று நினைத்தே நடந்தேன். திருப்பத்தில் நின்றிருந்தது. வெரசா அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முன்சீட்டில் பழம், வெட்டாமல்.

"அரைமணி நேரமா நிக்கிறோம்," என்றாள் முத்துப்பேச்சி. "கேட்டா, பூவத் தொட்ட கை வரட்டுங்கிறாரு."

வெட்டிப் பங்கிட்டுத் தின்ற பழம் அப்படியொன்றும் இனிக்கவில்லை. "மஞ்சத் தோலு ரகம்தான் இனிப்பாம். அடுத்து அது. வெரசா ஏறு மாப்ளே," என்றார்.

என் விரலெல்லாம் சிவப்பு. தோட்டம் போய்ச் சேரும்வரை நான் கையைத் துடைக்கவில்லை.