கமலாசனி என்று ஒரு சொல்லும் இல்லை

பொலிஸ் வந்து சோதிக்குமுன் தானே சோதித்துவிடுவது என்று என் புருசன் முடிவெடுத்தார். வீட்டை அல்ல, கொம்பியூட்டரை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வடக்கில் யுத்தம் நடந்த நேரம். மஹய்யாவையில் எங்கள் பின்வீட்டு மூக்கையாவை ஒரு டயறிக்காகப் பொலிஸ் கொண்டுபோய்ப் பதினாறு நாளாகிவிட்டது. டயறியில் இருந்தது, மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய ஆட்களின் பெயர்கள். இத்தனை பேரை எங்கே கூட்டப் போகிறாய் என்று கேட்டார்களாம்.

மூக்கையா பெண்சாதி அங்கம்மா வேலியடியில் நின்று சொன்னாள்: "அய்யாவ எதுவும் எழுதாம இருக்கச் சொல்லுங்கம்மா."

சொன்னால் கேட்கிற ஆளா? என் புருசன் மகேந்திரராசா கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் கந்தோரில், எழுதுவினைஞர். பகலில் அரசாங்கத்துக்கு எழுதுவார். மிச்ச நேரம் அரசாங்கத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுவார். எட்டு வருடத்தில் எழுநூறு கடிதம், எல்லாம் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள். பத்திரிகைகள் போட்டது பத்து இருக்கும்.

"எல்லாத்தையும் அழியுங்கோப்பா."

"விசர்க்கதை கதையாதையும். அது சரித்திரம்."

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனா அதுவும் சரித்திரம்தான்."

"பொறும். ஆபத்தான சொல் உள்ள கடிதத்தை மட்டும் எடுத்தாக் காணும். அதுக்கு மென்பொருள் இருக்கு. சொல்லைக் குடுத்தா எந்தக் கோப்பில கிடக்கெண்டு சொல்லும்."

"இந்த நாட்டில காணாமப் போன ஆளையே தேட ஏலாமக் கிடக்கு. இவர் சொல்லைத் தேடுறார்!"

ஒரு கிழமை எங்கள் ரெலிபோன் யாருக்கும் வேலை செய்யவில்லை. அதன் வழியாகத்தான் மென்பொருள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதலாவது பாதியில் உறைந்தது. இரண்டாவது கொம்பியூட்டரையே உறைய வைத்தது. மூன்றாவதில் ஒரு பூதக்கண்ணாடி சுழன்றது. அது அவருக்குப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை குளித்து, திருநீறு பூசி, தேட வேண்டிய சொற்களைக் கடதாசியில் பட்டியல் போட்டார். இருபத்துமூன்று சொல். நான் எட்டிப் பார்த்தேன். எழுநூறு கடிதமும் தேவையில்லை, அந்த ஒரு துண்டே எங்கள் இரண்டு பேரையும் உள்ளே போடப் போதும்.

ஒவ்வொன்றாக அடித்தார். கண்ணாடி சுழன்றது. ஒன்றுமில்லை. இருபத்துமூன்றுக்கும் ஒன்றுமில்லை.

"பாத்தீரா? என்ர எழுத்து அவ்வளவு பக்குவம்!"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சந்தேகம் வந்தது. "என்ர பேரை ஒருக்காத் தேடுங்கோ."

தேடினார். ஒன்றுமில்லை.

"போன மாசம் என்ர தம்பிக்குக் கடிதம் அடிச்சனீங்கள். 'கமலாசனிக்கு முழங்கால் வருத்தம்' எண்டு நான் பாக்க அடிச்சனீங்கள்."

"உம்மைப் பற்றி எழுத என்ன கிடக்கு? எழுதியிருக்க மாட்டன்."

இருபத்தாறு வருடம் சோறு போட்டவள் அந்த மனிதனின் கோப்புகளில் இல்லை. கடதாசியை எடுத்து அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் கந்தோருக்குப் போனதும், அக்குறணையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஷிராஸை வரச் சொன்னேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, அண்ணன் அடிச்சிருக்கிறது பாமினி எழுத்துல. திரையிலதான் தமிழ். 'அம்மா'ன்னு அடிச்சா உள்ளுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த மென்பொருளுக்குத் தமிழ்ல தேடினா எங்க கெடைக்கும்?"

"அப்ப அந்தச் சொல்லெல்லாம்?"

"எல்லாம் பத்திரமா ஈக்கிது."

அவரிடம் சொன்னால் நாலாவது மென்பொருள் தேடுவார். ஷிராஸ் நாலு ஆணி கழற்றி, உள்ளே கடிதமெல்லாம் கிடந்த தட்டை என் கையில் வைத்தார். எட்டு வருடம் அந்த மனிதன் சாப்பாடு ஆற ஆற எழுதியது. உரலில் போட்டேன். உலக்கையால் குத்தினேன்.

செவ்வாய் விடியவே பொலிஸ் வந்தது. என் புருசன் நெஞ்சை நிமிர்த்திச் சிங்களத்தில் சொன்னார்: "மஹத்தயா, கொம்பியூட்டரையும் பாருங்கள். தேடுவதற்கு மென்பொருளும் வைத்திருக்கிறேன்."

பெரிய பொலிஸ் மஹத்தயா கதிரையில் இருந்துகொண்டு பொத்தானை அமத்தினார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி. திரும்பத் திரும்ப அமத்தினார். அதே வரி. அரிசி மூட்டையைக் கொட்டிக் கிளறினார்கள். கொம்பியூட்டர் பழைய சாமான், எறிந்துவிடுங்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு உயிர் வந்தது. அவருக்குப் போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்குறணைக்கு ஓடினார். "தட்டு எரிஞ்சு போச்சு அண்ணன், ஒன்டும் எடுக்க ஏலா" என்று, நான் சொல்லிக் கொடுத்தபடியே ஷிராஸ் சொன்னார். என் புருசன் மூன்று நாள் சாப்பிடவில்லை. செத்த வீட்டில் போல நானும் கூட இருந்தேன். உள்ளுக்குள் நிம்மதி.

நாலாம் நாள் ஒரு கட்டுப் புதுக் கொப்பியோடு வந்தார்.

"எல்லாம் ஞாபகத்தில கிடக்கு."

இன்றோடு முப்பத்தெட்டுக் கடிதம் எழுதி முடித்துவிட்டார். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொன்றின் தலையிலும் எங்கள் விலாசம். ஆபத்தான சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு.

"இதென்னப்பா கோடு?"

"தேட லேசா இருக்குமெண்டுதான்."