கட்டில் கொடுத்த நலம்விரும்பி

நலம்விரும்பி என்றொரு ரகம் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கூடைப்பந்து ஆடும் கல்லூரி எங்கே இருக்கிறதோ அங்கே அவரும் இருப்பார். அந்தக் கல்லூரியில் படிப்பை முடித்தாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதன் அணிக்கு ஆள் பிடித்துத் தருவது தன் பிறவிக் கடமை என்று நம்புகிறவர், அணியின் நிறம் நீலமென்றால் நீலச் சட்டை, நீலக் கார், செத்தால் நீலப் பெட்டி என்று மனைவியிடம் சொல்லிவைத்திருப்பவர்.

ஆனால் நலம்விரும்பிகள் பரிசு கொடுத்து மாணவனை வளைக்கக் கூடாது என்பது விதி. மெத்தைக்கடை வெர்லன் ஸ்டாம்பருக்கு அது மனப்பாடம். அவர் விதியை மீறுவாரா? எல்லாம் தற்செயலாக நடக்கும், அவ்வளவுதான்.

ஏழடி உயரமான பள்ளி ஆட்டக்காரன் கார்டெல் வந்தால்தான் இந்த வருஷம் கோப்பை. அவன் அம்மா லவோன் சர்ச்சுக்குப் போனால் பின்வரிசையில் வெர்லன். அவன் முடிவெட்டப் போனால் பக்கத்து நாற்காலியில், வழுக்கைத் தலையோடு, வெர்லன். ஒருநாள் ஒன்பதடிக் கட்டிலொன்று மெத்தையோடு அவர்கள் வாசலில் வந்து இறங்கியது.

"என்ன சார் இது?" என்றாள் லவோன்.

"பழுதான சரக்கும்மா. நீளம் கூடிப்போச்சு. கடையில இடத்தை அடைக்குது."

"மெத்தையில எம்புள்ள பேரு தச்சிருக்கு."

"அதான் பழுது."

கார்டெல் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினான். எழுந்ததும், பரம எதிரிக் கல்லூரியில் சேரப்போவதாக அறிவித்தான்.

வெர்லனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. பரிசு வாங்கியவன் ஆட முடியாதே! கல்லூரி ஆட்டங்களின் விதிமீறல்களை விசாரிக்கும் குழுவுக்குத் தானே போன் செய்து கட்டில் விஷயத்தைக் கக்கினார்.

"அவங்க கதை முடிஞ்சுது" என்றார் மனைவியிடம்.

"கட்டில் குடுத்தது எந்தக் காலேஜ் ஆளுங்க?" என்றாள் கிளெண்டா, உருளைக்கிழங்கை உரித்தபடியே.

குழுவும் அதையேதான் கேட்டது. வளைக்கப் பார்த்த கல்லூரிக்கு அந்த வருஷக் கோப்பைப் போட்டியில் இடமில்லை. கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையன் எதிரி அணிக்கு ஆடலாம்.

நீல அணியின் பயிற்சியாளர் போனில் கத்தவில்லை. "வெர்லன், ஒரு உதவி செய்யுங்க. இனிமே அவங்க டீமுக்கு நலம்விரும்பியா இருங்க."

சிரிக்கிறீர்கள். போன மாதம் உங்கள் மகள் ஆடிய பள்ளிப் போட்டியில், நடுவருக்கு மட்டும் இளநீர் வெட்டிக் கொடுத்தது யார்? பாவம், வெயில் என்பீர்கள். வெயில் எல்லோருக்கும்தானே அடித்தது?