சோப்புக்குப் போகாத கை

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். என் கையையே கழுவத் தெரியாமல் எண்பது பிள்ளைகள் முன்னால் முழித்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான். புதூர்நாடு பக்கம் ஒரு மலைப்பள்ளியில் வாரம் நாலு பிள்ளைகளாவது வயிற்றுப்போக்கென்று படுத்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு போட்டுக் கை கழுவப் பழக்கிவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எங்கள் சுகாதார நிலைய டாக்டர் மேடமும் பார்க்க வருவார். அவர் தலையாட்டினால்தான் எனக்கு வேலை நிலைக்கும்.

ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவின் மடியில் வெட்டிய பலாப்பழம். "இரு நைனா, நானே எட்த்துத் தர்றேன். கையில எண்ணெ தடவிக்கினுகீறேன்" என்றார். "எனக்குத் தெரியாதாக்கா?" என்று (கண்ணமங்கலத்துக்காரன் திமிர்!) இரண்டு கையையும் உள்ளே விட்டேன். சுளை தேன்தான். ஆனால் பலாப்பால் பசையாய்ப் பிடித்துக்கொண்டது. துடைக்கத் துடைக்க, ஜீப்பிலிருந்த தூசியெல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக் குழாயடியில் பிள்ளைகளும் மேடமும் தயாராக நின்றார்கள். நான் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். கறுத்த கையைத் தூக்கிக் காட்டி, "இதைவிட அழுக்கு உண்டா? சோப்பு போட்டா எங்க போவுதுன்னு பாருங்க!" என்றேன்.

நுரை வந்தது. அழுக்கு போகவில்லை. மறுபடி தேய்த்தேன்; சோப்பும் கறுத்தது. வெள்ளைத் துண்டில் துடைத்தேன்; துண்டின் நூலெல்லாம் ஒட்டிக் கரடிக்குட்டிக் கை மாதிரி ஆனது. மேடம் பேனாவை மூடினார். வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பு மல்லிகா முன்னால் வந்தாள். "இன்னா சார், பலாப்பாலு சோப்புக்குப் போவுமா? மொதல்ல எண்ணெ தேய்ங்க சார்."

சத்துணவு அக்கா எண்ணெய் கொண்டுவந்தார். அதைத் தேய்த்து, பிறகு சோப்பு போட்டதும் கை பளிச்சென்று ஆனது. அப்பாடா என்றிருந்தது. மேடம் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி கையில எண்ணெ தேய்க்கணும் மேடம்!" என்று எண்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மேடம் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "இவங்க சோப்புன்னு சொல்ற வரைக்கும் வாரா வாரம் நீங்கதான் இங்க வரணும்" என்றார். போனேன், பலாப்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆடி முடிவதற்குள் வயிற்றுப்போக்கென்று படுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். குழாயடியில் வலைப்பையில் தொங்கிய சோப்பு தேய்ந்து தேய்ந்து நகத்தளவு ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில். அதன்மேல் மல்லிகாவின் கையெழுத்தில், 'சாருக்கு மட்டும்'.

அதைப் போட்டோ எடுத்து வீட்டில் காட்டியது என் இரண்டாவது முட்டாள்தனம். இன்றும் சோறு போடும்போது என் மனைவி குரல் கொடுப்பாள்: "எல்லாரும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. உங்க அப்பாவுக்கு எண்ணெக் கிண்ணத்த எடுத்து வைங்கடா!"