புந்தோங்கில் புவியீர்ப்பு

ஸ்டானிஸ்லாஸ் கணக்கைப் போட்டு முடித்தபோது, அவர் குடியிருக்கும் புந்தோங்கில் புவியீர்ப்பு முப்பத்தொன்பது புள்ளி இரண்டு என்று வந்தது. உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்பது புள்ளி எட்டுதான் என்று பாடத்தில் போட்டிருந்தது. அவர் கால்குலேட்டரை மறுபடி தட்டினார். அதே முப்பத்தொன்பது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். கால் வழக்கம்போலத்தான் இருந்தது.

"நேத்து பத்து புள்ளி எட்டு வந்துச்சுல்ல, அதையே எழுதியிருக்கலாம்லா," என்றாள் அவர் மனைவி ஜோசலின்.

நேற்று அவர் தனியாகச் செய்தார். கதவு நிலையில் ஆணி அடித்து, ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது இருபது தடவை ஆடி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்தார். எண்ணுகிறவரும் நேரம் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பிசகத்தானே செய்யும் என்று, இன்று எண்ணும் வேலையை மனைவியிடம் கொடுத்தார். ஜோசலின் இருபது வருடமாக மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். தாளம் தப்பவே தப்பாது. குண்டு போனது ஒன்று, வந்தது இரண்டு என்று சுத்தமாக எண்ணிக் கொடுத்தாள்.

ஐம்பத்து நாலு வயதில் ஈப்போவில் ஏர்கான் ரிப்பேர் செய்கிற மனிதருக்கு இந்த வேலை எதற்கு என்றால், எல்லாம் மகளுக்காகத்தான். வலேரி பத்து காஜா ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஜனவரியில் ஒருநாள், ஆன்லைனில் காலேஜ் பிசிக்ஸ் ஆரம்பிப்பதாகச் சொல்லி, அவசர அவசரமாக ஒரு பாரத்தை நீட்டினாள். பெற்றோர் கையெழுத்தாக இருக்கும் என்று அவரும் வேனில் சாய்ந்தபடியே போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் பெட்டி ஒன்று வந்தது. இரும்புக் குண்டுகள், ஸ்பிரிங், கண்ணாடி வில்லை, சின்ன பல்பு, ஒயர். ஆய்வுக்கூடத்துக்கே போக வேண்டாம், வீட்டிலேயே செய்து வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்றாள்.

முதல் வாரம் குண்டைப் பிடித்துக்கொள்ள மட்டும் கூப்பிட்டாள். இரண்டாவது வாரம் ஷிப்ட் மாறிவிட்டது, அளவெடுத்து வைத்தால் போதும் என்றாள். மூன்றாவது வாரம், அளந்தவரே எழுதினால்தான் பிழை வராது என்றாள். எழுதுவதற்குப் பாடம் தெரிய வேண்டுமே. அதனால் பாட வீடியோக்களையும் அவரே பார்க்கும்படி ஆனது. வேலைக்குக் கிளம்புமுன் வலேரி கணினியைத் திறந்து, மாணவர் எண்ணைத் தட்டி, அவரை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஐந்தாவது வாரம் பரீட்சை. அன்றைக்கும் அவளுக்கு டியூட்டி.

"இது தப்பில்லையாம்மா?" என்று கேட்டார்.

"படிக்கிறது தப்பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய் பைக்கை எடுத்தாள்.

அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பத்துக் கேள்விக்கும் விடை போட்டார். எட்டு சரி. மகளுக்கு எட்டு மார்க் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது. வாங்கியது தானாயிற்றே என்று சங்கடமாகவும் இருந்தது.

இப்போது இந்த முப்பத்தொன்பதைச் சரிசெய்ய வேண்டும். குண்டு சின்னதாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவு செய்தார். தன் கடையில் சும்மா கிடந்த பழைய ஏர்கான் கம்ப்ரசரைக் கொண்டுவந்து, கார் நிறுத்துமிடத்துக் கூரையின் இரும்புச் சட்டத்தில் இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டினார். இழுத்து விட்டார். முதல் ஆட்டத்தில் அது நேராகப் போய்த் திரும்பியது. ஐந்தாவது ஆட்டத்தில் கயிறு முறுக்கிக்கொண்டு, கம்ப்ரசர் வேனின் பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சின்னையா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏர்கான் மாட்டுவதற்கு இது புது முறையா என்று விசாரித்தார். ஸ்டானிஸ்லாஸ் ஆமாம் என்று சொல்லிவைத்தார். மகளுடைய படிப்பு சமாசாரம் வெளியே போகக் கூடாது.

கண்ணாடி போனதுதான் மிச்சம், கணக்கு வரவில்லை. மனசு விட்டுப்போய் உள்ளே வந்து, சரளா டீச்சரின் வீடியோவை மூன்றாவது தடவையாகப் போட்டார். தஞ்சோங் மாலிமில் இருந்தபடி பாடம் நடத்துகிறவர் அவர். நிதானமாகத்தான் பேசுவார். அன்றைக்குத்தான் அவர் குண்டை விடும்போது வாய்க்குள் என்ன சொல்கிறார் என்று ஸ்டானிஸ்லாஸ் கவனித்தார். ஒன்று என்று சொல்லவில்லை. பூஜ்யம் என்றார். குண்டு போய்விட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த பிறகுதான் ஒன்று.

அவர் எழுந்துபோய்ச் சின்னக் குண்டை மறுபடி கட்டினார். பூஜ்யம் என்று சொல்லிக் குண்டை விட்டார். இருபது வரை எண்ணினார். கணக்குப் போட்டார். ஒன்பது புள்ளி ஏழு ஐந்து.

சமையலறையில் இருந்த ஜோசலினைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இன்னொரு தடவை செய்து காட்டினார். ஒரு நூலும் குண்டும் வைத்து இவ்வளவு பெரிய பூமியை அளந்துவிட்டோமே என்றார். முதலில் விட்டபோதே ஒன்று என்று எண்ணியது தன் தப்பு, போனதையும் வந்ததையும் தனித்தனியாக எண்ணியது அவள் தப்பு என்று விளக்கினார். தன் தாளத்தில் தப்பில்லை என்பதை மட்டும் அவள் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த தொல்லை வீடியோவில் இருந்தது. செய்கிறவரின் கை தெரிய வேண்டும் என்று விதி. ஸ்டானிஸ்லாஸின் கையில் முடியும் உண்டு, கல்யாண மோதிரமும் உண்டு. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கை என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஜோசலின் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு செய்தார். தொண்ணூற்றைந்து மார்க் வந்தது. பிழைகளை ஆராய்ந்து எழுதியிருப்பது மிக அருமை என்று டீச்சர் குறிப்பு எழுதியிருந்தார். ஊசல் சோதனைக்குக் கையுறை எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை என்றும் கீழே எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்பு அவரை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த தப்பைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். ஏழு சோதனை, நாலு பரீட்சை என்றார். அது எந்தக் கட்டளையில் வரும் என்று சாமியாருக்கும் உடனே பிடிபடவில்லை. மகளோடு மனசுவிட்டுப் பேசுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பேசுவதற்குள் கல்லூரியிலிருந்து செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு, ஆள் நேரில் திரைக்கு வந்து டீச்சருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வலேரிக்குப் போன் போட்டார். மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தது.

"நீங்களே பேசிருங்கப்பா. செஞ்சது நீங்கதானே," என்றாள், மிகச் சாதாரணமாக.

ஸ்டானிஸ்லாஸ் போனை வைத்தார். பிள்ளையை நன்றாகத்தானே வளர்த்தோம், இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பிடிபட்டால் அவளைக் கல்லூரியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பொம்பளைக் குரல் வேண்டும், பதிலும் சரியாக வர வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பொம்பளைக் குரல்தான்.

சனிக்கிழமை கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஜோசலின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஸ்டானிஸ்லாஸ் நோட்டுப் புத்தகத்தோடு மேசைக்கு அடியில் போனார்.

திரையில் சரளா டீச்சர் தெரிந்தார். பக்கத்தில் வருகைப் பதிவேட்டோடு தர்மா என்ற அலுவலக ஊழியர்.

"குட் மார்னிங் மிஸ், நான் வலேரி. கேமரா ரோசாக் மிஸ், கெட்டுப்போச்சு," என்றாள் ஜோசலின், கிறிஸ்மஸ் நாடகத்தில் வானதூதரான சம்மனசுக்குக் கொடுக்கிற குரலில்.

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது.

"சரி வலேரி, அவர் பக்கத்துல இருக்காரா?" என்றார் டீச்சர்.

"எவரு மிஸ்?"

"சோதனையெல்லாம் செஞ்சவர்."

மேசைக்கு அடியில் ஸ்டானிஸ்லாஸ் நோட்டுப் புத்தகத்தை மூடினார். கையுறை காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தார். ஜோசலின் காலால் அவரைத் தேடி ஒரு இடி இடித்துவிட்டு, அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்றாள்.

"அப்படின்னா ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அவர் வரலைன்னா இந்தப் பாடம் பெயில்தான்."

பெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் எழுந்தார். மேசை இருப்பதை மறந்து எழுந்ததால் மேலே கணினி ஒருமுறை துள்ளி இறங்கியது. தலையைத் தேய்த்துக்கொண்டே வந்து, கேமராவில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

"டீச்சர், இது என் வீட்டுக்காரி. வலேரி என் மக. ஏழு சோதனையும் அவளுக்காக நான்தான் செஞ்சேன். பரீட்சையும் நான்தான் எழுதினேன். அவ சின்னப் புள்ள, எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்க, அவ பேரை மட்டும் அடிச்சிராதீங்க."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோசலின் முந்தானையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரளா டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் புரியாமல் தர்மாவைப் பார்த்தார். தர்மா பதிவேட்டில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஓட்டினார்.

"ஐயா, வலேரின்னு எங்க வகுப்புல யாருமே இல்ல," என்றார் தர்மா. "ஜனவரியிலேர்ந்து பேர் பதிஞ்சு படிச்சுக்கிட்டு இருக்கிறது நீங்கதான்."