மாவக்காவும் ஓதுவார் பல்லும்

காஞ்சிபுரத்தில் மாவக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாய் ஒன்று இருக்கிறது என்றால், அந்த வாயில் முப்பத்திரண்டு பல்லும் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற எல்லாரையும் அவர் ஒரு கை பார்த்துவிட்டார். பட்டுக்கடை முதலாளி, வார்டு மெம்பர், கல்லூரிப் பெண் என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது.

நான் பல் டாக்டர். வாசல் பலகையில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் மாடியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பது, "மாவக்கா இருக்காங்களா?" என்றுதான். நான் இருக்கிறேனா என்று இந்தப் பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

பல் கட்டுவதற்கு முதலில் அளவு எடுக்க வேண்டும். அதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு பொடி இருக்கிறது. அதன் பெயர் யார் வாயிலும் நுழையாது, பொடி மட்டும்தான் நுழையும். அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, லாடம் மாதிரி இருக்கும் தட்டில் அப்பி, வாய்க்குள் வைத்து அழுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டிப்படும். அதுவரை ஆள் அசையக் கூடாது. அசைந்தால் அளவு கோணிவிடும். அப்புறம் அந்தப் பல் செட் சாப்பாட்டு நேரத்தில் சோற்றோடு சேர்ந்து வெளியே வரும். மாவைக் குழைப்பதும், நான் வைத்த தட்டை ஆடாமல் பிடித்துக்கொள்வதும் அக்காவின் வேலை. அதனால்தான் மாவக்கா. ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. ஊர் அதை மறந்து ரொம்ப நாளாகிறது.

சிக்கல் குமட்டலில்தான். மேல் அண்ணத்தில் மாவு பட்டதும் பாதிப் பேருக்கு வயிறு தொண்டைக்கு வந்துவிடும். மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், காலைத் தூக்கச் சொல்லுங்கள் என்றெல்லாம் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. அதனால் அவருக்கு ஒரு சொந்த வைத்தியம் இருந்தது.

"கோவம் வந்தா குமட்டல் வராது டாக்டரே. ரெண்டும் ஒரே வழியாதான் வரணும். ஒண்ணுதான் வர முடியும்."

நான் சிரித்தேன். அடுத்த நாள் ஒரு பட்டுக்கடை முதலாளி வந்தார். இரண்டு தடவை மாவைத் துப்பிவிட்டார். மூன்றாவது தடவை அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏண்ணா, உங்க கடை ஜரிகை ஒரு தண்ணி பட்டா கறுத்துப் பூடுதாமே? ஊரே சொல்லிக்கினு இருக்குது."

முதலாளியின் கண் இரண்டும் வெளியே வந்தது. "ம்ம்! ம்ம்ம்!" என்றார். தட்டுக்குப் பின்னால் பெரிய மறுப்பறிக்கை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை, குமட்டவில்லை. அளவு அவ்வளவு சுத்தமாக வந்தது. மறுநாள் ஒரு முழம் ஜரிகையோடு வந்து எங்கள் வாஷ்பேசினில் ஊறப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியம் வரை யாரையும் கை கழுவ விடவில்லை.

முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு வார்டு மெம்பருக்கு வேறு மருந்து. "மெம்பரே, உங்க வூட்ல அஞ்சு ஓட்டு இருக்குது இல்ல? மூணுதான் உங்களுக்கு வுழுந்துச்சாமே?" மெம்பர் அப்படியே உறைந்துபோனார். கோபத்தை விட யோசனைதான் அதிகம் தெரிந்தது. தட்டை எடுத்ததும் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

பல்லுக்குக் கம்பி கட்ட வந்த ஐயம்பேட்டைப் பெண்ணிடம், "உன் ரீல்ஸ் பாத்தேம்மா. எட்டு லைக்கு. அதுல ஒண்ணு உங்கம்மா போட்டது" என்றார். அது இன்றைக்கும் அக்காவோடு பேசுவதில்லை. பல் மட்டும் வரிசையாக இருக்கிறது.

இப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த அக்காவிடம்தான் ஓதுவார் வந்து சேர்ந்தார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சிவன் கோயில். வெளியூர்க்காரர்கள் பெரிய கோயில்களுக்குப் போகும் வழியில் அங்கே நிழலுக்கு நிற்பார்கள், அவ்வளவுதான். அங்கே தினமும் தேவாரம் பாடுகிறவர் இந்த ஓதுவார். எழுபது வயது. சர்க்கரை வியாதி மிச்சமிருந்த பல்லையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு டாக்டர்களிடம் போய், அளவு எடுக்க முடியாமல் திரும்பியிருந்தார். மாவு குழைக்கிற சத்தம் கேட்டாலே அவருக்குக் குமட்டியது.

"ராகம் வருது டாக்டர். எழுத்து வரமாட்டேங்குது, காத்துதான் வருது" என்றார். பிறகு தயங்கிக்கொண்டே, "பங்குனி உத்திரத்துக்குத் திருக்கல்யாணம். அதுக்குள்ள பல்லு வரலைன்னா பென் டிரைவ்ல போட்டுக்கலாம்னு தர்மகர்த்தா சொல்லிட்டார். ஒரு தடவை போட்டாங்கன்னா அப்புறம் அதுதான் பாடும்" என்றார். உத்திரத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

முதல் நாள் அக்கா எடுத்த எடுப்பிலேயே பெரிய அஸ்திரத்தை விட்டார். "ஐயா, நீங்க பாட ஆரம்பிச்சா சாமியே கதவை சாத்திக்குதாமே?" ஓதுவார் கோபப்பட வேண்டுமே! கண்ணை மூடித் தலையசைத்து ரசித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மாவு தொண்டைக்குப் போய், அடுத்த நிமிடம் என் சட்டைக்கு வந்தது.

இரண்டாவது நாள், "உங்கள விட பென் டிரைவு நல்லா பாடுதாம் ஐயா" என்றார். அவர் முகம் வாடியது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அக்கா சட்டென்று தட்டை உருவிவிட்டார். மாவு கெட்டிப்படும் முன் அவராகத் தட்டை எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏங்க்கா எடுத்தீங்க?"

"அழுதா மூக்கு அடைச்சிக்கும் டாக்டரே" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. வந்தவர்கள் எல்லாம் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்கள்.

மூன்றாவது நாள் நான் தட்டை வைத்தேன், அக்கா பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

ஓதுவார் தினமும் பாடுகிற அதே பதிகம். ஆனால் கானா மெட்டு. மூன்றாவது வரி முதலில் வந்தது, முதல் வரி வரவே இல்லை. நடுநடுவே இடது கையால் மேஜை மேலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் தாளம் வேறு. வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஓதுவாரின் கண் மெல்லத் திறந்தது. பிறகு முழுசாகத் திறந்தது. நெற்றியில் பூசியிருந்த விபூதிக்கு நடுவே நரம்பு புடைத்தது. "ம்ம்ம்!" என்று ஒரு விரலை உயர்த்தினார். அக்கா அதற்குப் பாராட்டு என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு அடுத்த வரியை இன்னும் மோசமாகப் பாடினார். பாவம், ஓதுவார் நாற்காலிக் கையில் ஓங்கி ஓங்கித் தட்டி, சரியான தாளத்துக்கு அக்காவை இழுத்துப் பார்த்தார். குமட்டல் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

தட்டை எடுத்தேன். மேல் ஈறு முழுக்க, ஒரு மடிப்பு விடாமல் பதிந்திருந்தது. நான் அதை ரசிப்பதற்குள் ஓதுவார் நிமிர்ந்துவிட்டார்.

"ஏம்மா! அது என்ன பண்ணு, என்ன ராகம்? அதுக்குப் பேரு பாட்டா?"

"வாயைக் கொப்பளிங்கய்யா" என்றார் அக்கா.

"கொப்பளிக்கிறது கிடக்கட்டும்! இனிமே என் காதுல விழற தூரத்துல நீ வாயைத் திறக்கப்படாது!"

உதட்டில் ரோஸ் மாவோடு படியிறங்கிப் போனார். நான் சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனேன். அங்கே அக்கா சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"கொசு டாக்டரே."

"ரெண்டு கன்னத்துலயுமா?"

"ரெண்டு கொசு. நீங்க போயி அடுத்த ஆளைப் பாருங்க."

இந்த வேலைக்கு இரண்டாவது தரமும் ஓர் அளவு எடுக்க வேண்டும். அதற்கு அக்கா பாடவே இல்லை. தொண்டையை மட்டும் செருமினார். ஓதுவார் கல்லாகிவிட்டார்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு பல் செட் தயாரானது. திருக்கல்யாணத்தன்று நான் கொஞ்சம் பயத்தோடுதான் போனேன். பாதிப் பாட்டில் செட் கழன்று விழுந்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். தர்மகர்த்தா ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாவக்கா எனக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஓதுவார் போட்ட தடை உத்தரவு அப்படி.

ஓதுவார் ஆரம்பித்தார். அதே பதிகம். காற்று வரவில்லை, எழுத்து வந்தது. ஒவ்வொன்றாக, முழுசாக வந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தர்மகர்த்தா பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிம்மதியாகத் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தார். ஒரு வரி முன்னே பின்னே போகவில்லை. ஓர் எழுத்துத் தப்பவில்லை.

"அக்கா, உங்களுக்கு இது முழுசும் தெரியுமா?"

"இந்த மதிலுக்கு அந்தாண்டதானே எங்க வூடு. சின்ன வயசுலேருந்து இவரு பாட்டக் கேட்டுத்தான் சாயங்காலம் ஆனதே தெரியும் எங்களுக்கு" என்றார். கண் ஓதுவார் மேலேயே இருந்தது. "அந்த வாய்க்கு முன்னாடி தப்பாப் பாட எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அதற்குள் ஓதுவார் எங்களைப் பார்த்துவிட்டார். அக்காவின் உதட்டையே பார்த்தார். ஒரு முழு வரிக்குப் பார்த்தார். பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டி, முன்னால் வா என்று கூப்பிட்டார். அக்கா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூட்டம் விலகிய வழியில் போய் அவருக்கு நேர் எதிரே கைகூப்பி நின்றார். முடியும் வரைக்கும் உதட்டை அசைக்கக்கூட இல்லை.

வெளியே வரும்போது, "ரொம்ப நல்லவங்கக்கா நீங்க" என்றேன்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா டாக்டரே, நீங்க வெச்ச பல்லு நிக்குதுன்னு உங்களுக்கே நம்பிக்கை இல்லையாமே? வேர்த்துக்கினு நின்னீங்களாம், ஊரே பாத்துச்சாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தொண்டையில் அதுவரை அடைத்துக்கொண்டு நின்ற என்னவோ, அந்தக் கோபத்தில்தான் கீழே இறங்கியது. அதற்காகத்தான் சொன்னார் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.