செத்தவர் காபி குடித்த நாவல்

ஒரு புத்தகம் புரியவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். ஒன்று, எழுதியவர் மேதை. இல்லையென்றால், படிக்கிறவன் மடையன். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம் என்பது எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியவந்தது.

எண்பதுகளின் தொடக்கம். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். வாளிக்குள் வாளியை அடுக்குவதுதான் வேலை. (மூளைக்கு அதைவிட ஓய்வு தருகிற உத்தியோகம் அப்போது பாண்டிச்சேரியில் கிடையாது.) படிப்பு பத்தாவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் விடாமல் படித்து வந்தது சினிமா போஸ்டர்களை மட்டும்தான்.

தேவகியை நான் முதலில் பார்த்தது ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில். பந்திக்கு இடம்பிடிக்க எல்லோரும் முண்டியடித்துக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் ஒரு மூலையில் நின்று, மிக்ஸர் மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். விசாரித்துக்கொண்டு வருவதற்காக என் அக்கா முத்தியால்பேட்டைக்குப் போனாள். அப்பா மில்லில் வேலை பார்த்தவர், அம்மா இல்லை, பெண் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள் என்ற விவரங்களோடு ஒரு வெடிகுண்டையும் கொண்டுவந்தாள்.

“டேய், அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிச்சி. மாப்ளைக்குப் படிக்கிற பழக்கம் இருக்கான்னு. என் தம்பி புஸ்தகத்த எடுத்தா சோத்தக்கூட மறந்துடுவான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“ஏங்க்கா இப்படிப் புளுகின?”

“பின்ன இன்னா சொல்லச் சொல்ற? நல்லா வாளி அடுக்குவான்னா?”

அடுத்த வாரமே போயிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். ஆனால் அதற்குள் தேவகியின் பெரியப்பா காலமாகிவிட்டார். வருஷம் திரும்பட்டும், அப்புறம் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முகம் தெரியாத அந்தப் பெரியவருக்கு நான் மனதார நன்றி சொன்னேன். அக்கா சொன்ன பொய்யை உண்மையாக்க எனக்கு ஒரு முழு வருஷம் கிடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களைப் பிளாட்பாரத்தில் குவித்துப்போட்டு விற்பார்கள். எது நல்ல புத்தகம் என்று கேட்க வெட்கமாக இருந்ததால், கனத்தைப் பார்த்து வாங்கினேன். ஒரு சரித்திர நாவலில் முதல் பாகம் முழுக்க எல்லோரும் மாறுவேடத்தில் திரிந்தார்கள். யார் இளவரசன், யார் ஒற்றன் என்று தெளிவதற்குள் பாகம் முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் சந்தைக்கு வரவேயில்லை. ரஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்றில் ஒன்பது பேர் உட்கார்ந்து சூப் குடிப்பதாக நினைத்து வெகுதூரம் போன பிறகுதான், ஆளுக்கு மூன்று பெயர் வைத்த மூன்றே பேர் என்று தெரிந்தது. புதுக்கவிதைப் புத்தகம் ஒன்றை நின்றபடியே படித்து முடித்துவிட்டேன். புரியாததால் உட்கார்ந்து படித்தேன், பிறகு படுத்துக்கொண்டும் படித்தேன். படுத்துக்கொண்டு படித்தபோது தூக்கமாவது வந்தது. இருக்கட்டும் என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தையும் வாங்கி, தெருவில் எல்லோரும் பார்க்கும்படி கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “குதிரைக்கு வர்ற வியாதியப் பத்தி உனக்கின்னாப்பா கவலை?” என்றார்.

இப்படி ஏமாற்றத்தின் மேல் ஏமாற்றமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மகத்தான நாவல் கையில் கிடைத்தது.

வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் செய்து வைத்துக்கொள்வது அன்றைக்கு வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். இதுவும் அப்படி ஒன்று. பச்சை அட்டை, காக்கித் துணி முதுகு. முதல் சில பக்கங்கள் இல்லாததால் கதையின் பெயர் தெரியவில்லை. எடுத்த எடுப்பில் கொடைக்கானல் பங்களாவில் ரகு என்பவர் நெற்றியில் குண்டு பாய்ந்து செத்துக் கிடக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் அதே ரகு கும்பகோணத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். அதே சுருட்டை முடி, அதே கூர்மூக்கு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் படமே போட்டிருந்தது. அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் மனைவி சுலோச்சனா, “ஏங்க, ஏங்க” என்று மாமியார் கொடுமையைச் சொல்லி அழுகிறாள். ரகு பதிலே பேசுவதில்லை. அதற்கடுத்த அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் ரகுவின் சவத்தைப் புரட்டிப் பார்க்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கல்யாணமான ஆண் உயிரோடு இருந்தாலும் செத்தவன்தான் என்பதை இதைவிட அழுத்தமாக யாரால் சொல்ல முடியும்? கும்பகோணத்துச் சண்டையும் கொடைக்கானல் கொலையும் மாறி மாறி வந்தன. கொலைகாரன் யார் என்று இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் இடத்தில் அத்தியாயம் முடிந்து, சுலோச்சனாவுக்கு வளைகாப்பு நடந்தது. அத்தோடு புத்தகமும் முடிந்தது. மூன்று முறை படித்தேன். வாளி அடுக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. மூளை கலங்கிப்போய், ஒரு நாள் மூடிகளை ஓர் ஊருக்கும் வாளிகளை இன்னோர் ஊருக்கும் லோடு ஏற்றி அனுப்பிவிட்டேன்.

வருஷம் திரும்பியது. அக்காவும் நானும் முத்தியால்பேட்டைக்குப் போனோம். தேவகி தட்டோடு வந்து தலைகுனிந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வந்து தையல் மிஷின் முக்காலியில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தாள்.

“அவளுக்கு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம் தம்பி,” என்றார் அவள் அப்பா.

“இந்த ஒரு வருஷத்துல இன்னா இன்னா படிச்சீங்க? எது ரொம்பப் புடிச்சிது, எது ஏமாத்திடிச்சி?” என்றாள்.

எல்லா ஏமாற்றங்களையும் ஒப்பித்தேன். குதிரையை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் வாழ்நாளின் ஒரே இலக்கிய உரையை ஆற்றினேன். செத்தவர் ஊஞ்சலில் ஆடுவதன் தத்துவத்தை விளக்கினேன். மாமியாரும் இன்ஸ்பெக்டரும் ஒரே சமுதாயத்தின் இரண்டு முகங்கள் என்றேன். (இது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.) கடைசியில், “ரொம்ப ஆழமான நாவல்ங்க” என்று முடித்தேன்.

தேவகி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பச்சை அட்டையா?”

“ஆமாங்க.”

“முதுகுல காக்கித் துணி?”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“அது எங்கப்பாவோட பழைய நிஜார். நான்தான் கிழிச்சிக் குடுத்தேன்.”

அவள் சொல்லச் சொல்ல என் காது சூடேறியது. ஒரே பத்திரிகையில் வந்த இரண்டு தொடர்கதைகள். ஒன்று குடும்பக் கதை, ஒன்று கொலைக் கதை. படம் போட்டவர் ஒருவரே. அவர் எல்லா ஆண்களுக்கும் ஒரே மூக்கைத்தான் போடுவார். இரண்டு கட்டாகக் கொடுத்ததை பைண்டர் கீழே போட்டு, கலந்து அள்ளி, இரண்டு புத்தகமாகத் தைத்துவிட்டார். சண்டைக்குப் போனதற்கு, “எல்லாப் பக்கமும் உள்ளதானம்மா இருக்குது?” என்றாராம்.

“வெறுத்துப்போயி ஒண்ண பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். அதத்தான் நீங்க ஆழம்னு சொல்றீங்க.”

அவள் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டார். அக்கா கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. தேவகி கைவிட்டுப் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. ஆனால் அதையும் மீறி வேறொன்று உள்ளே குடைந்துகொண்டிருந்தது. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

“அப்போ, ரகுவக் கொன்னது யாருங்க?”

அவள் அப்பா சிரிப்பை நிறுத்தினார். தேவகி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நீங்க யாருன்னு நெனச்சீங்க?”

“மாமியார்னு.”

“அவங்க கும்பகோணத்துல இல்ல இருக்காங்க!”

“ராத்திரி பஸ்ஸ புடிச்சா காலைல கொடைக்கானல் போயிடலாமேங்க?”

அவள் அப்பா மறுபடியும் தண்ணீர் கேட்டார். தேவகி சிரிக்கவில்லை. குனிந்து மிஷினின் ஒரு காலுக்குக் கீழே கைவிட்டு எதையோ இழுத்தாள். மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னொரு பச்சை அட்டைப் புத்தகம்.

“இதப் படிச்சிட்டு வாங்க,” என்றாள்.

“புடிச்சிருக்கா இல்லியான்னு சொல்லும்மா,” என்றார் அப்பா.

“மொதல்ல படிச்சிட்டு வரட்டும்பா.”

இது சம்மதமா, இல்லையா என்று தெரியாமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். “பொண்ணு கேக்கப் போனா, எவனோ செத்தவனப் பத்தி வெசாரிக்கிறான்” என்று அக்கா வழியெல்லாம் திட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு புத்தகங்களோடும் போய் நின்றேன். தையலைப் பிரித்து, அவள் வீட்டுத் தரையில் கொலையை ஒரு பக்கமும் குடும்பத்தை ஒரு பக்கமும் இருவரும் அடுக்கினோம். அடுக்குவதில் எனக்கு இருந்த கைவேகத்தைப் பார்த்து அவள் அசந்துபோனாள். அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. எத்தனையோ பேர் பார்க்க வந்தார்களாம். மாட்டிக்கொண்ட பிறகும் மிச்சக் கதையைக் கேட்ட ஆள் நான் ஒருவன்தானாம்.

இந்தக் கதையை யாரைவிடவும் ரசித்தவள், எழுதப்படிக்கத் தெரியாத என் அம்மா. தேவகிக்கும் அவளுக்கும் மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனால், வீட்டுக்கு வருகிறவர்களிடம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “நான்தானே ரகுவக் கொன்னேன், அதான் மருமவ எங்கிட்ட பேச மாட்டேங்குறா” என்பாள். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் புதிது. அடுப்படி வாசலில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த அம்மா இதைச் சொன்னதும் சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது அந்தச் சிலிண்டர்காரரின் மகன்தான் சிலிண்டர் போடுகிறார். தெருவில் எல்லோர் வீட்டிலும் அடுப்படி வரை கொண்டுபோய் வைக்கிறார். எங்கள் வீட்டில் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, மணியடித்துவிட்டுப் போய்விடுகிறார்.